நாடு மறைந்த பின்னும் செல்லுபடியான நோட்டு: குராசோ கில்டரின் கதை

"கப்பலில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்த அப்பாவின் பெட்டியில் ஒரு 25 கில்டர் நோட்டு கிடைத்தது. பூநாரை படம் போட்டிருக்கிறது. நெதர்லாந்து அண்டிலிசு வங்கி என்று டச்சு மொழியில் அச்சாகியிருக்கிறது. குராசோ தீவில் இறங்கியபோது வாங்கியது என்பார். அப்படி ஒரு நாடே இப்போது இல்லை என்கிறார்கள். இந்த நோட்டு செல்லுமா? ஒன்றரை லட்சம் பேர் வாழும் தீவுக்குத் தனி நாணயம் எதற்கு?" இதுதான் உங்கள் கேள்வி.

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். கடையில் செல்லாது. 2025 மார்ச் 31ஆம் தேதி குராசோவும் சின்ட் மார்ட்டன் தீவும் 'கரீபிய கில்டர்' என்ற புதிய நாணயத்துக்கு மாறின. மூன்று மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து புழங்கின. ஜூலை 1 முதல் புதியது மட்டுமே சட்டப்படி செல்லும் பணம். பழைய நோட்டுகளை வணிக வங்கிகளில் மாற்ற ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மத்திய வங்கியில் மட்டும், 30 ஆண்டுகள் வரை மாற்றலாம். ஆகவே அப்பாவின் நோட்டு செத்துப்போகவில்லை. மாற்று விகிதம் ஒன்றுக்கு ஒன்று. அமெரிக்க டாலரில் சொன்னால் ஏறக்குறைய 14 டாலர். அந்த நோட்டை அப்பா வாங்கிய அன்றும் அதன் மதிப்பு இதே 14 டாலர்தான். 1971 முதல் இன்று வரை ஒரு டாலருக்கு 1.79 கில்டர். நடுவில் எண்ணெய் ஆலை கைமாறியது, அண்டை நாட்டின் நாணயம் நொறுங்கியது, நோட்டில் பெயர் பொறித்த நாடே கலைந்தது. அந்த எண் மட்டும் அசையவில்லை.

அது எப்படி அசையாமல் நின்றது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

குராசோ 444 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. வெனிசுவேலாவின் வடகரையிலிருந்து சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கிறது. மழை குறைவு. கற்றாழையும் கள்ளியும் முள்மரமும்தான் நன்றாக வளரும். 1499இல் வந்த ஸ்பானியர்கள் பொன் தேடினார்கள், கிடைக்கவில்லை. 'பயனற்ற தீவுகள்' என்று குராசோவையும் அதன் அண்டைத் தீவுகளையும் எழுதி வைத்தார்கள். 1515இல் அங்கே வாழ்ந்த ககெத்தியோ பழங்குடி மக்களில் பெரும்பாலோரைப் பிடித்து இஸ்பானியோலா தீவுக்கு வேலை செய்யக் கொண்டுபோனார்கள். இந்தத் தீவிலிருந்து வெளியேறிய முதல் 'செல்வம்' மனிதர்கள்தான்.

1634இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி தீவைப் பிடித்தது. பழவேற்காட்டிலும் பின்னர் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தங்கைக் கம்பெனி இது. நாம் பேச்சில் புழங்கும் 'துட்டு' என்ற சொல்லே 'டய்ட்' என்னும் டச்சுச் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது. அந்த வகையில் இந்தத் தீவின் பணத்துக்கும் நம் வாயில் புழங்கும் சொல்லுக்கும் ஒரே தாய்வீடு.

டச்சுக்காரர்களுக்கு மீனை ஊறப்போட உப்பு வேண்டியிருந்தது, கப்பல் நிறுத்த ஆழமான துறைமுகம் வேண்டியிருந்தது. குராசோவில் இரண்டும் இருந்தன. கடலிலிருந்து குறுகிய வாயில் வழியாக உள்ளே நுழைந்தால் ஸ்கொட்டெகாட் என்ற பரந்த உள்துறை. உங்கள் அப்பாவின் கப்பலும் அந்த வாயில் வழியாகத்தான் போயிருக்கும். வாயிலின் ஒரு பக்கம் புண்டா, மறு பக்கம் ஓட்ரபாண்டா என்ற நகரப் பகுதிகள், இரண்டுக்கும் நடுவே மிதக்கும் பாலம். கப்பல் வரும்போது அந்தப் பாலமே ஒரு பக்கமாக விலகி வழி விடும். அப்பாவிடம் கேளுங்கள், அதை மறந்திருக்க மாட்டார்.

தீவில் விளைச்சல் இல்லை, சுரங்கம் இல்லை. ஆனால் வருகிற கப்பலில் எல்லாம் பணம் வந்தது. அந்தக் காலத்தில் கரீபியக் கடல் முழுவதும் ஓடிய பணம் ஸ்பானிய வெள்ளிதான். மெக்சிகோவிலும் பொட்டோசியிலும் வெட்டியெடுத்த வெள்ளியில் அடித்த 'எட்டு ரியால்' காசு, சுமார் 27 கிராம் எடை. டச்சுக்காரர்களுக்கு அதன் மேல் தீராத பசி. 1628இல் டச்சுக் கப்பற்படைத் தலைவர் பீட் ஹெய்ன் கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில் ஸ்பானிய வெள்ளிக் கப்பல்களை மொத்தமாக மடக்கியது அந்தப் பசிக்குச் சான்று. குராசோ அதே வெள்ளியை வாணிபத்தின் மூலம் இழுத்தது. 1675இல் அதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தார்கள். ஸ்பானியக் குடியேற்றங்களில் இருந்தவர்கள் சட்டத்தை மீறி இங்கே வந்து துணியும் மாவும் இரும்பும் வாங்கினார்கள், வெள்ளியும் கொக்கோவும் தோலும் கொடுத்தார்கள்.

அந்த வாணிபத்தின் மையச் சரக்கு எது என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 1662 முதல் ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு ஆப்பிரிக்க அடிமைகளை அனுப்பும் ஒப்பந்தத்துக்குக் குராசோ கிடங்காகியது. அந்த ஒப்பந்தங்களில் கணக்கு அலகு 'பியெசா', அதாவது 'உருப்படி'. உடல்நலமுள்ள வயதுவந்த ஓர் ஆள் ஓர் உருப்படி. பிள்ளைகளும் முதியவர்களும் நோயுற்றவர்களும் அதன் பின்னங்கள். நாணய வரலாறு எழுதுகிறவர்கள் காசுகளின் எடையையும் முத்திரையையும் விரிவாக எழுதுவார்கள், இந்த அலகைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். என் பார்வையில் 17ஆம் நூற்றாண்டுக் குராசோவின் உண்மையான கணக்குப் பணம் இதுதான். வெள்ளி அதைத் தீர்க்கப் பயன்பட்ட உலோகம்.

பெரிய வெள்ளி கப்பலோடு வந்தது, கப்பலோடு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. தீவில் தங்கியவர்களுக்குச் சில்லறை கிடைக்கவில்லை. ஒரு படி சோளமாவு வாங்க எட்டு ரியால் காசை எடுத்து நீட்ட முடியுமா? அதனால் கரீபியத் தீவுகள் பலவற்றில் செய்தது போலவே இங்கும் காசையே வெட்டினார்கள். பணியாரத்தைத் துண்டு போடுவது போல வட்ட வெள்ளியை ஆப்பு வடிவத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்திப் புழங்கவிட்டார்கள். வெட்டும்போது கொஞ்சம் உள்ளே சாய்த்து வெட்டினால் ஒரு துண்டு மிச்சம் கிடைக்கும். அந்த ஏமாற்று வேலையும் நடந்தது. 1800 முதல் 1803 வரையும், மறுபடி 1807 முதல் 1816 வரையும் தீவு ஆங்கிலேயர் கையில் இருந்தது. டச்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது ஸ்பானிய, போர்த்துகீசிய, ஆங்கிலேய, பிரெஞ்சுக் காசுகளும் அவற்றின் துண்டுகளும் கலந்து கிடந்தன. குராசோ என்று பெயர் பொறித்த ரியால், ஸ்டைவர் காசுகளை 1821, 1822ஆம் ஆண்டு முத்திரைகளோடு நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நாணயச் சாலையில் அடித்து அனுப்பியது அதற்குப் பிறகுதான்.

அப்போது டச்சு அரசர் முதலாம் வில்லெம். வங்கி நிறுவுவதில் பெரும் ஆர்வம் கொண்டவர். 1814இல் தாய்நாட்டில் மத்திய வங்கியை நிறுவியவர். 1828 ஜனவரி இறுதியில் ஜாவாவில் ஒரு வங்கி தொடங்கியது. அடுத்த இரண்டே வாரத்தில், பிப்ரவரி 6ஆம் தேதி, குராசோ வங்கி தொடங்கியது. இன்றைக்கும் உயிரோடு இருக்கும் மத்திய வங்கிகளில் அமெரிக்கக் கண்டம் முழுவதற்கும் மூத்தது அதுதான். அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஃபெடரல் ரிசர்வ் 1913இல்தான் பிறந்தது. உங்கள் நோட்டில் பெயர் அச்சான வங்கி அதே வங்கி. 1962இல் பெயர் மாறியது, 2010இல் மறுபடி மாறியது.

வங்கி வந்ததால் ஏழைகள் கையில் பணம் வந்துவிடவில்லை. 1863 ஜூலை 1ஆம் தேதி டச்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. அரசு இழப்பீடு கொடுத்தது, ஆனால் விடுதலை பெற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை, அவர்களை வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்தது. தென்னமெரிக்காவில் இருந்த டச்சுக் குடியேற்றமான சுரினாமில் தலைக்கு 300 கில்டர். குராசோவில் தலைக்கு 200 கில்டர். கில்டரின் வரலாற்றில் எனக்கு மறக்க முடியாத எண் இந்த 200தான். கரும்பு விளையும் மண்ணில் இருந்தவருக்கு ஒரு விலை, வறண்ட மண்ணில் இருந்தவருக்கு அதைவிடக் குறைந்த விலை.

விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் இல்லை. தோட்டத்தின் ஓரத்தில் குடிசை போட்டு ஒரு துண்டு நிலத்தில் சோளம் விதைத்துக்கொள்ளலாம். வாடகையாக ஆண்டுதோறும் சில நாட்கள் முதலாளிக்கு உழைக்க வேண்டும். அழைத்தபோது போகாவிட்டால் குடிசையை விட்டு இறங்க வேண்டும். இதற்குத் தீவின் பபியமெந்து மொழியில் 'பாகா தேரா' என்று பெயர், 'மண்ணுக்குக் கொடுப்பது' என்று பொருள். நோட்டு அச்சிடும் வங்கி இருந்த ஊரில் 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்வரை பெரும்பாலான மக்கள் வாடகையை உடலுழைப்பால்தான் கட்டினார்கள்.

அதை மாற்றியது எண்ணெய். வெனிசுவேலாவின் மரகைபோ ஏரியில் எண்ணெய் பீறிட்டது. அங்கே பெரிய கப்பல் நுழைய ஆழம் போதவில்லை, அரசியலும் நிலையாக இல்லை. ஷெல் கம்பெனி குராசோவின் உள்துறையைத் தேர்ந்தெடுத்தது. 1918இல் ஸ்கொட்டெகாட் கரையில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. முதல் முறையாகத் தீவின் சாதாரணக் குடும்பங்களுக்கு வாரம் தவறாமல் கில்டரில் கூலி வந்தது. பக்கத்துத் தீவுகளிலிருந்தும் போர்த்துகலின் மதெய்ராவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வணிகக் குடும்பங்களின் வங்கிகளும் அந்தக் காலத்தில்தான் வளர்ந்தன. தீவின் பழைய யூத வணிகக் குடும்பங்களான மதுரோவும் குரியேலும் தனித்தனியே நடத்திய வங்கிகள் 1931இல் ஒன்றாகின. இன்றும் அங்கே பெரிய வணிக வங்கி அதுதான்.

இனி காசுப் பிரியர்களுக்குப் பிடித்த கட்டம். 1940 மே மாதம் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. அதுவரை குராசோவுக்குக் காசு யூட்ரெக்டிலிருந்து வந்தது. இப்போது அந்த நாணயச் சாலையே எதிரி கையில். அரசி வில்ஹெல்மினா லண்டனில் அடைக்கலம். தீவின் ஆலையோ நேசநாட்டு விமானங்களுக்கு எரிபொருள் தயாரித்துக்கொண்டிருந்தது, கூலி கொடுக்கக் காசு வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச் சாலை குராசோவுக்குக் காசு அடித்துக் கொடுத்தது. அடையாளமாக 'பி' என்ற எழுத்தும் சின்னதாக ஒரு பனையும் அந்தக் காசுகளில் இருக்கும். 5 சென்ட் காசு சதுரம், முனைகள் மழுங்கியவை. நம்மூர்ச் சதுர 5 பைசாவையோ 1909 முதல் இலங்கையில் புழங்கிய சதுர 5 சதத்தையோ கையில் பிடித்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. இரண்டரை சென்டுக்கும் ஒரு காசு இருந்தது. அதைத் தீவில் 'பிளாக்கா' என்பார்கள். நாம் சில்லறையைக் காலணா கணக்கில் எண்ணியது போல அங்கே பழைய தலைமுறை பிளாக்கா கணக்கில் எண்ணியது.

அதே 1940இல் இன்னொன்றும் நடந்தது. தாய்நாட்டு கில்டரோடு தீவின் கில்டருக்கு இருந்த கட்டு அறுந்தது. தீவு தன் நாணயத்தை நேராக அமெரிக்க டாலரோடு கட்டியது. ஒரு டாலருக்கு 1.88585 கில்டர். போர் முடிந்தும் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. போரில் நொந்துபோன நெதர்லாந்து தன் கில்டரை டாலருக்கு 2.65 என்று இறக்கியது, 1949 செப்டம்பரில் 3.80க்கு இறக்கியது. குராசோவின் கில்டர் இருந்த இடத்திலேயே நின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள், குடியேற்றத் தீவின் ஒரு கில்டருக்குத் தாய்நாட்டின் இரண்டு கில்டர்! ஒரே அரசி, ஒரே பெயர், ஆனால் தீவின் பணம் இருமடங்கு கனம். இரண்டும் ஒரே நாணயம் என்று இன்றும் நினைக்கிறார்கள். 1940க்குப் பிறகு அவை பெயர் ஒற்றுமையுள்ள இரண்டு வேறு நாணயங்கள்.

1971 டிசம்பரில் டாலர் தங்கத்துக்கு எதிராக இறங்கியது, ஓர் அவுன்ஸ் 35 டாலர் 38 ஆனது. அப்போது பல நாடுகள் தங்கள் விகிதத்தைத் திருத்தின. குராசோவும் திருத்தியது, கில்டரைச் சுமார் 5 சதவீதம் உயர்த்தியது. அப்போது வந்த எண்தான் 1.79.

இப்படிக் கட்டி வைத்த நாணயம் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அரிசி, மருந்து, கார், சோப்பு என்று தீவு உண்பதும் உடுப்பதும் பெரும்பாலும் இறக்குமதி. இறக்குமதி செய்கிறவர் கில்டரை வங்கியில் கொடுத்து டாலர் வாங்குகிறார். வங்கி அந்த டாலரை மத்திய வங்கியிடம் வாங்குகிறது. எத்தனை கில்டர் இப்படித் திரும்பி வந்ததோ அத்தனையும் புழக்கத்திலிருந்து குறைகிறது. சுற்றுலாப் பயணி வந்தால், கப்பல் பழுதுபார்த்தால், எண்ணெய் சுத்திகரித்துக் கூலி வாங்கினால் டாலர் உள்ளே வருகிறது, கில்டர் புதிதாக வெளியே போகிறது. இந்த ஏற்பாட்டில் மத்திய வங்கி நினைத்தபடி நோட்டு அச்சிட முடியாது. அச்சிட்டால் அந்தக் கில்டர் இறக்குமதியாக மாறி டாலர் கையிருப்பைத் தின்றுவிடும். கையிருப்பு மூன்று மாத இறக்குமதிக்குக் கீழே போனால் எல்லோரும் பதறுவார்கள். அதனால் வங்கிகள் கடன் கொடுப்பதற்கு வரம்பு போடுவதுதான் மத்திய வங்கியின் முக்கிய ஆயுதம். 2012இல் பற்றாக்குறை பெருகியபோது அதைத்தான் செய்தார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் 1 சதவீதக் கட்டணம் பிடிப்பதும் உண்டு.

கடைத் தெருவில் இது இன்னும் எளிதாகத் தெரியும். டாலரை நீட்டினால் பல கடைகளில் 1.75 கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அந்த 4 சென்ட் கடைக்காரருக்கு. புண்டாவில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த சிந்தி வணிகர்கள் பலர். உங்கள் அப்பா ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கியிருந்தால், இந்தியாவிலிருந்து போன ஒருவரிடமே வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த நோட்டும் அப்படிக் கைக்கு வந்த மீதிப் பணமாக இருக்கலாம்.

நிலையான விகிதம் யாருக்கு நன்மை என்ற கேள்விக்கு வருகிறேன். சாப்பாட்டைக் கடல் தாண்டி வாங்கும் ஊரில் நாணயம் சரிந்தால் முதல் அடி சமையலறைக்குத்தான். பக்கத்திலேயே பாடம் இருந்தது. வெனிசுவேலாவின் பொலிவர் நெடுங்காலம் டாலருக்கு 4.30 என்று நின்றது. எண்ணெய்ப் பணம் கொழித்த 1970களில் வெனிசுவேலாக்காரர்கள் வெளியூர்க் கடைகளுக்குப் போனால் "மலிவாயிருக்கிறது, இரண்டு கொடு" என்பார்கள் என்று ஒரு வழக்கே உண்டாயிற்று. குராசோவின் கடைத்தெரு அவர்களை நம்பி வளர்ந்தது. 1983 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை, அந்தப் பொலிவர் சரிந்தது. வெனிசுவேலாவில் அந்த நாளை இன்றும் 'கறுப்பு வெள்ளி' என்கிறார்கள். அதன் பிறகு அந்த நாணயம் எழவே இல்லை. அடுத்தடுத்துப் பூஜ்ஜியங்களை வெட்டியும் பயனில்லை. குராசோவின் கடைகளுக்குக் கூட்டம் வருவது ஒரே நாளில் நின்றது, ஆனால் தீவு மக்களின் சேமிப்பு கரையவில்லை. ஓய்வூதியம் வாங்கும் ஒரு பாட்டிக்கு 1.79 கொடுத்த பாதுகாப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கு விலை உண்டு. நாணயத்தை இறக்கித் தன் பொருளை மலிவாக்கும் வழி அடைபட்ட ஊரில், நெருக்கடி வரும்போது இறங்குவது கூலிதான். கூலியும் இறங்காவிட்டால் ஆட்கள் வெளியேறுவார்கள். 1969 மே 30ஆம் தேதி, ஷெல் ஆலைக்கு வேலை எடுத்துச் செய்த ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் தொழிலாளர்கள், ஆலையின் நேரடித் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி கேட்டு ஊர்வலம் போனார்கள். அன்று மாலைக்குள் தலைநகர் வில்லெம்ஸ்டாடின் ஒரு பகுதி எரிந்தது. இருவர் உயிரிழந்தார்கள். நாணயம் கனமாகவும் கூலி மெலிந்தும் இருந்த ஊரில் அந்தக் கோபம் எப்படி மூண்டது என்பது எனக்குப் புரிகிறது.

பிறகு 1985. ஷெல் ஆலையை விட்டு வெளியேறியது. விற்ற விலை, பெயரளவுக்கு ஒரு கில்டர். ஆலையோடு சேர்த்துப் பல பத்தாண்டு மாசும் தீவின் தலையில் வந்தது. போர்க்காலத்தில் கொட்டிய தார்க்கழிவு ஒரு ஏரியாகவே துறைமுகக் கரையில் கிடந்தது. மனிதனுக்கு 200 கில்டர், ஆலைக்கு ஒரு கில்டர் என்று ஒரே நாணயத்தில் எழுதிய இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். ஆலையை மூடவிடாமல் அரசு வெனிசுவேலாவின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. அந்தக் குத்தகை 2019 வரை ஓடியது.

அதே காலத்தில் இன்னொரு வருமானமும் வற்றியது. அமெரிக்காவோடு இருந்த வரி ஒப்பந்தத்தால், பெரிய அமெரிக்க நிறுவனங்கள் ஐரோப்பாவில் கடன் திரட்டத் தீவில் பெயர்ப்பலகை நிறுவனங்களை வைத்தன. 1984இல் அமெரிக்கா தன் வரிச் சட்டத்தை மாற்றியதும் அதன் தேவை போய்விட்டது. எண்ணெய், கடைத்தெரு, நிதி வணிகம் மூன்றும் ஐந்தாண்டுக்குள் அடிவாங்கின. கில்டர் அசையவில்லை. பதிலாக மக்கள் அசைந்தார்கள். 1990களின் கடைசியில் குடும்பம் குடும்பமாக நெதர்லாந்துக்குப் போனார்கள். டச்சுக் கடவுச்சீட்டு கையில் இருந்ததால் அது முடிந்தது. நாணயம் உறுதியாக நின்றதைப் புகழ்கிறவர்கள் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் இறங்கியவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உங்கள் நோட்டின் பெயருக்கு வருகிறேன். நெதர்லாந்து அண்டிலிசு என்பது ஆறு தீவுகளைச் சேர்த்த ஓர் ஆட்சிக் கூட்டு. அரூபா 1986 ஜனவரி 1ஆம் தேதி பிரிந்து, தன் தனி நாணயமான பிளோரினை அதே 1.79க்குக் கட்டிக்கொண்டது. மீதி ஐந்தும் 2010 அக்டோபர் 10ஆம் தேதி கலைந்தன. பொனேர், சின்ட் எஸ்டேசியஸ், சாபா மூன்றும் நெதர்லாந்தின் நேரடிப் பகுதிகளாகி, 2011 ஜனவரி 1 முதல் அமெரிக்க டாலருக்கே மாறிவிட்டன. யூரோவுக்கு மாறவில்லை, ஏனென்றால் அவர்களுடைய வாணிபமும் சுற்றுலாவும் டாலரில்தான். குராசோவும் சின்ட் மார்ட்டனும் தனித்தனி நாடுகளாயின, ஆனால் நெதர்லாந்து அரசின் குடைக்குள்ளேயே. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 900 கிலோமீட்டர் கடல். ஒரு மத்திய வங்கியையும் ஒரு நாணயத்தையும் மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டன. புதிய நாணயம் வெளியிடுவதாக அப்போதே சொன்னார்கள். டாலருக்குப் போகலாமா, கூட்டை முறிக்கலாமா என்ற வாதம் நீண்டு, இல்லாத ஒரு நாட்டின் பெயர் பொறித்த பணம் மேலும் 14 ஆண்டுகள் புழங்கியது.

அந்தப் பழைய நோட்டுகள் அழகானவை என்று சொல்லியாக வேண்டும். தலைவர்கள் படம் கிடையாது, எல்லாம் அந்தத் தீவுகளின் பறவைகள். 10 கில்டரில் ஒரு தேன்சிட்டு வகை, 25இல் பூநாரை, 50இல் செம்பட்டைக் கழுத்துள்ள குருவி, 100இல் மஞ்சள் வயிற்றுச் சின்னப் பறவை. பூநாரைகள் குராசோவின் பழைய உப்பளங்களில் இன்றும் மேய்கின்றன. டச்சுக்காரர்கள் எந்த உப்புக்காகத் தீவைப் பிடித்தார்களோ அதே உப்பு நிலம். புதிய கரீபிய கில்டரில் பறவைகளுக்குப் பதிலாகக் கடலுக்கடியில் வாழும் உயிர்கள். நாணயத்துக்கான சர்வதேசக் குறியீட்டில் முன்பு இருந்த 'ஏஎன்' எழுத்துகள் அந்த மறைந்த நாட்டைக் குறித்தன. இப்போது முதல் எழுத்து 'எக்ஸ்'. ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லாத நாணயங்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள், கிழக்குக் கரீபிய டாலருக்கும் அதே எழுத்துதான்.

சரி, டாலருக்கே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். விகிதம் மாறப்போவதில்லை என்றால் தனி நோட்டு எதற்கு? நியாயமான கேள்வி, தீவிலேயே படித்தவர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நான் கில்டரை வைத்துக்கொண்டது சரி என்று நினைக்கிறேன். தன் நோட்டு வைத்திருக்கும் மத்திய வங்கி, கையிருப்பில் உள்ள டாலரை வெளியே முதலீடு செய்து வட்டி ஈட்டுகிறது. டாலர் நோட்டையே புழங்கவிட்டால் அந்த வருமானம் வாஷிங்டனுக்குப் போய்விடும். உள்ளூர் வங்கி ஒன்று தடுமாறும்போது கைகொடுக்கவும் ஓரளவு இடம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, 1.79ஐ மாற்றும் உரிமை கையில் இருப்பதும், அதை 50 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பதும் சேர்ந்ததுதான் அந்த நோட்டின் மேலுள்ள நம்பிக்கை. டாலருக்குப் போனால் திரும்பி வரும் பாதை அனேகமாக அடைபட்டுவிடும். அதே சமயம், கொள்ளைநோய்க் காலத்தில் சுற்றுலா நின்றபோது நெதர்லாந்து கடன் கொடுத்ததால்தான் கையிருப்பு தாங்கியது என்பதையும் மறைக்கக் கூடாது. தீவின் கில்டருக்குப் பின்னால் டாலர் இருக்கிறது, டாலருக்குப் பின்னால் டச்சு அரசு அமர்ந்திருக்கும் ஹேக் நகரம் இருக்கிறது.

இனி உங்கள் நோட்டு. இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கடைகளில் இதை எடுக்க மாட்டார்கள், அலைய வேண்டாம். அஞ்சலில் அனுப்புவதும் செலவுக்குக் கட்டுப்படியாகாது. சேகரிப்பாளர்களிடமும் பெரிய விலை போகாது, இந்த வரிசை நோட்டுகள் ஏராளமாக அச்சானவை. அப்பாவின் பெட்டியிலேயே இருக்கட்டும் என்பேன். தெரிந்த மாலுமி யாராவது வில்லெம்ஸ்டாட் பக்கம் போனால் கொடுத்துவிடலாம், மத்திய வங்கியின் கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள். புதிய வரிசையில் 25 கில்டர் நோட்டு கிடையாது, 10, 20, 50, 100, 200 மட்டுமே. பூநாரையை வாங்கிக்கொண்டு ஒரு 20 கில்டர் நோட்டும் ஒரு 5 கில்டர் காசும் கையில் கொடுப்பார்கள்.